கூரைக்குப் போன பல்

சட்டைப் பையில் டப்பா இருக்கிறதா என்று தணிகாசலம் நாலாவது முறையாகத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. எங்கே போய்விடும், மூடியைச் சுற்றி ரப்பர் பேண்டு, அதன் மேல் கைக்குட்டை, பையின் வாய்க்கு ஓர் ஊக்கு, இத்தனை கட்டுக்காவலோடு ஒரு தலைவலித் தைல டப்பா அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வந்திருக்கிறது, ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஊரார் சாமானையெல்லாம் எடைபோட்டு அனுப்பியவருக்கு ஒரு பொருளைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாதா. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு பல். செங்குட்டுவனுடைய பால்பல், மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல், மாதுளை முத்து அளவு. அவன் போய் இருபத்தொரு வருஷம் ஆகிறது, பத்தொன்பது வயதில் போனான், இனி வருஷத்துக்கு ஒரு முறை அவன் இருந்த காலத்தை விட இல்லாத காலம் அதிகம் அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் மகள் பூங்கொடி டோக்கன் சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். முப்பத்தி நாலு. சுவர்ப் பலகையில் இருபத்தொன்பது எரிந்தது. இன்னும் ஐந்து பேர், ஐந்து பேர் உள்ளே போய் வருவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும், கொடுப்பதா வேண்டாமா என்று. தீர்மானம் ஆகிவிட்டதாக நினைத்துத்தான் காலையில் வீட்டைப் பூட்டினார். வண்டி வில்லிவாக்கம் தாண்டும்போது ஆகவில்லை என்று தெரிந்தது. பல்லை அரைத்துப் பொடியாக்கித்தான் பார்ப்பார்களாம், மிச்சம் எதுவும் திரும்பி வராதாம். பூங்கொடிக்கு இன்னும் வயிற்றில் எதுவும் இல்லை, முப்பத்தெட்டு வயதாகிறது, கண்ணாடிக் கிண்ணத்தில் கருவை வளர்த்து, அஞ்சாறு கருவில் செங்குட்டுவனுக்கு இருந்த நோய் இல்லாததாகப் பார்த்து உள்ளே வைக்கப் போகிறார்கள், அப்படிப் பார்ப்பதற்கு அண்ணனுக்கு மரபணுவில் எந்த இடத்தில் பிழை இருந்தது என்று தெரிய வேண்டும், இவள் ரத்தத்தை இரண்டு தடவை எடுத்தும் பிடிபடவில்லை. அவரோடது ஏதாவது இருக்கா, முடி, பல், எதுவானாலும், என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அப்பா, அண்ணனோடது எதுனா வெச்சிருக்கீங்களா என்று போனில் கேட்டபோது, இல்லையேம்மா என்று உடனே வாயில் வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, ஒரு பல்லு இருக்குது என்றார். எடுத்துக்கினு வாங்கப்பா என்றாள், அவ்வளவுதான், எப்படி இருக்குது, எங்கே வைத்திருந்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தனைத் தேடிக் கண்டுபிடிப்பது, அவனைப் போல இன்னொருவன் வராமல் இருப்பதற்கு. இதைத்தான் அவரால் எந்தப் பக்கம் பிடித்தும் தூக்க முடியவில்லை, பிடி இல்லாத மூட்டை சில வரும், ஆபீசில், அது மாதிரி.

எதிர்ச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள், பல் முளைக்காத குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது, குறையில்லாத குழந்தை, நிறைவான குடும்பம் என்று கீழே எழுத்து. சரியாக அந்த எழுத்துக்குக் கீழே சக்கர நாற்காலியில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது, ஒன்பது பத்து வயது இருக்கும், இரண்டு கால்களிலும் வேறு வேறு நிறத்தில் காலுறை. அவர் பார்ப்பதை அது பார்த்துவிட்டது. "தாத்தா, உங்களுக்கு என்ன நோய்?" என்றது. எனக்கு ஒண்ணும் இல்லம்மா என்றார். "அப்ப எதுக்கு இங்க வந்து எடத்தை அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" அதன் அம்மா, ஏய், பெரியவங்ககிட்ட என்ன வாய் என்று தொடையில் ஒரு தட்டு தட்டினாள். "நான் யார் எடத்தையும் அடைக்கல. என் சேரை நானே கையோட எடுத்துட்டு வந்துட்டேன்" என்றது அது. சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் மேலே இருந்த எழுத்து மறுபடி கண்ணில் பட்டது. இதுவும் படிக்கத் தெரிந்த குழந்தைதானே, கழுத்தைத் திருப்பினால் தெரியுமே. குட்டுவனும் இப்படித்தான், வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை. ஐந்து வயதில் விழ ஆரம்பித்தான். விழுந்தால் நேராக எழுந்திருக்க வராது, கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி ஏறி நிமிர்வான், நிமிர்ந்ததும், மலை ஏறியாச்சு, கொடி குடுங்க நடணும் என்பான். டாக்டர் அதைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டார், அந்த எழுந்திருக்கிற விதத்துக்கே ஒரு பெயர் இருக்கிறதாம், வீட்டில் எல்லோரும் கைதட்டிய வித்தைக்கு. தசை ஒவ்வொன்றாகத் தளரும், பத்து வயதுக்குள் நடை நிற்கும், அப்புறம் கை, அப்புறம் மூச்சு என்றார், வண்டி நிற்கிற ஸ்டேஷன்களைச் சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னார், ஒன்றும் தவறவில்லை, எல்லா இடத்திலும் நின்றுதான் போனது. நடை நின்ற பிறகு அவனைத் தூக்குவது அவர் வேலை. தோளில் சாத்தும்போது காதருகில் சொல்வான், உடையும் பொருள், பாத்துப்பா. இறக்கி வைத்தால், இந்தப் பக்கம் மேல்னு எழுதியிருக்குதுல்ல, தலைகீழா வெச்சா அனுப்பினவர் கேஸ் போடுவாரு என்பான். அனுப்பினவர். யார் அனுப்பினார்கள் அவனை. இந்த யோசனை வந்தால் மனைவி அஞ்சுகத்தின் முகம் வந்துவிடும், அதனால் பலகையைப் பார்த்தார். முப்பது.

அப்போது ரயில்வே குவார்ட்டர்சில் ஓட்டு வீடு. விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிய வேண்டும், எறிந்தால்தான் அடுத்த பல் நேராக முளைக்கும், பல் யாருடையதோ அவரே எறிய வேண்டும். அஞ்சுகம் பால்காரரிடம் சாணி வாங்கி உருட்டி வைத்திருந்தாள். குட்டுவனுக்கு எட்டு வயது, நடை இருந்தது, ஆனால் கை தோளுக்கு மேல் போக யோசிக்கும். முந்தின வாரம்தான் பூங்கொடி, ஆறு வயதுக் குட்டி, தன் பல்லை வீசியிருந்தாள், அது ஓட்டைத் தாண்டிப் பின்பக்க வீட்டுக்காரர் துவைத்துப் போட்ட சட்டை மேலேயே விழுந்து பெரிய சண்டையாகிவிட்டது. நானும் வீசுவேன், நீங்க யாரும் கை வைக்கக் கூடாது என்றான். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வீச்சு. வீசின வேகத்தில் விழுந்துவிட்டான் அவன், மண்ணில் மல்லாக்க. உருண்டை கூரைக்குப் போகவில்லை. பாதிச் சுவரில் பட்டுத் தெறித்துச் செடிக்குப் பக்கத்தில் விழுந்தது. இதெல்லாம் கண்மூடித் திறக்கிற நேரம். விழுந்தவன் கேட்டான், போச்சாப்பா? தணிகாசலம், போயிடுச்சுடா, மேல போயிடுச்சு, ஒரே வீச்சு, என்றார். சொல்லிக்கொண்டே செருப்பு வாரைச் சரி செய்கிறவர் மாதிரிக் குனிந்து செடியோரத்தில் கிடந்ததை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கூடத்தில் இருந்த அஞ்சுகத்தைக் கூப்பிட்டுச் சொன்னார், இன்னா, கேட்டியா, உன் பையன் பல்லு ஓட்டு உச்சிக்குப் போயிடுச்சு. குழாயடியில் சாணியைக் கழுவியபோது பல் வந்தது, எறிந்துவிடத்தான் நினைத்தார், இருட்டிய பிறகு தானே கூரை மேல் போட்டுவிடலாம் என்று கூட நினைத்தார், ஆனால் யாருடையதோ அவர்தானே எறிய வேண்டும். தைலம் தீர்ந்த டப்பா கையில் கிடைத்தது. அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம். அஞ்சுகத்துக்குக் கூடத் தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் குட்டுவன் சொல்வான், என் பல்லு ஓட்டு மேல இருக்குது தெரியுமா, ஒரே வீச்சு, அப்பாவைக் கேளுங்க. அவரும், ஆமாம் ஆமாம் என்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆகிவிட்ட பிறகும், கழுத்து தவிர எதுவும் ஆடாத பிறகும் சொல்வான். சொல்லிவிட்டு அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். ஒரு பொய்யால் ஒரு பிள்ளைக்கு இத்தனை வருஷம் சந்தோஷம் கொடுக்க முடிந்ததே என்று அவருக்குள் ஒரு பெருமை கூட இருந்தது, சொன்னால் வெட்கம், இருந்தது.

முப்பத்தொன்று எரிந்தது. தாய் வழியா வர்ற நோய் என்று அந்தக் காலத்து டாக்டர் சொன்னபோது அஞ்சுகம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். அவருடைய அக்கா ஊரெல்லாம் சொன்னாள், பொண்ணு எடுத்த இடம் சரியில்ல என்று. அக்காவைத் திட்டியவர்தான் அவர். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், குளிப்பாட்டத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, உங்க வூட்ல இருந்து வந்ததுதானே என்று வந்துவிட்டது. ஒரு வாக்கியம். மூன்று விநாடி ஆகியிருக்காது. அவள் பதில் பேசவில்லை, அவனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், மறுநாளிலிருந்து குளிப்பாட்டுகிற முறை அவளுடையதாகிவிட்டது, அந்தச் சின்ன உடம்போடு, அவன் அவளை விட உயரம் ஆன பிறகும். மன்னித்துக்கொள் என்று சொல்ல நாற்பது சந்தர்ப்பம் வந்திருக்கும். ஆறு வருஷம் ஆகிறது அவள் போய். சொல்லாத ஒன்று இது. இன்னொன்று குட்டுவனுக்குச் சொல்லாதது. பதினேழு வயது அவனுக்கு, மத்தியான நேரம், ஜன்னலோரத்தில் வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பான், ஊதுகிற சத்தத்திலேயே எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்வான். அன்றைக்கு மடியில் ஒரு வாரப் பத்திரிகை. பக்கத்தைத் திருப்ப அவரைக் கூப்பிட்டான். கருவிலேயே நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று ஏதோ கட்டுரை. திருப்பினார். படித்து முடித்துவிட்டுக் கேட்டான், "ஏம்பா, இதெல்லாம் அப்பவே இருந்திருந்தா நான் வந்திருப்பேனா?" சண்டை இல்லை, அழுகை இல்லை, மழை வருமா என்று கேட்கிற குரல். ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் ஒன்று போய்க்கொண்டே இருந்தது, எத்தனை பெட்டி, முடியவே இல்லை. அவர் சொன்னார், "தண்ணி குடிக்கிறியா?" அவன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "குடு" என்றான். டம்ளரை உதட்டில் வைத்தார், குடித்தான், முழுவதும் குடித்தான். தாகமே இல்லாமல் குடித்தான் என்று இப்போது தோன்றுகிறது. என்ன சொல்லியிருக்கலாம். நீ இல்லாம எப்படிடா என்று சொல்லியிருக்கலாம், எந்த அப்பனும் சொல்வான், நாக்கு ஏன் புரளவில்லை, உண்மையாக இல்லாததாலா. முந்தின மாதம்தான் அவனுக்குச் சளி கட்டி மூச்சுத் திணறியபோது, போதும், எடுத்துக்கோ என்று சாமி படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மதிவாணன் நல்ல பையன், போன மாதம் சொன்னான், "இப்ப பாத்து எடுக்கத்தான் மாமா முடியும். வெளிநாட்டுல கருவுலயே அந்தப் பிழையை மட்டும் திருத்துறதுக்கு ஆராய்ச்சி நடக்குது. ஒரு நாள் வந்துடும். வந்துட்டா யாரையும் வேணாம்னு சொல்லவே வேணாம் பாருங்க." கேட்க எவ்வளவு இதமாக இருந்தது. திருத்தி அனுப்பியிருந்தால் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். ஓடியிருப்பான். பந்து எறிந்திருப்பான், கூரை என்ன கூரை, தண்டவாளம் தாண்டி எறிந்திருப்பான். அப்புறம் வண்டி ஊதுவதை யார் உட்கார்ந்து கேட்பது. உடையும் பொருள் என்று காதில் யார் சொல்வது. பெங்களூரில் வேலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிற ஒரு நல்ல பிள்ளை வந்திருப்பான், செங்குட்டுவன் என்றே பெயர் வைத்திருப்பார்கள், அஞ்சுகம் இடுப்பு வலியில்லாமல் செத்திருப்பாள், இவனைத் தெரியாமலே போயிருக்கும். தெரியாத ஒருவனுக்காக யார் அழுவார்கள். அதனால் அது நல்லதா. அண்ணனை வேணாம்னு சொல்லலப்பா, அவன் பட்டதைத்தான் வேணாம்னு சொல்றேன் என்கிறாள் பூங்கொடி. அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு, பன்னிரண்டு வயதிலிருந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்தவள், சோறு ஊட்டியவள், பதினேழு வயதிலேயே பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் எழுந்து போனதையெல்லாம் அவனிடமே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவள். ஆனால் அவன் எது, அவன் பட்டது எது, எந்த இடத்தில் கத்தியை வைத்துப் பிரிப்பது.

"தாத்தா, உங்க நம்பர்" என்றது சக்கர நாற்காலி. முப்பத்தி நாலு எரிந்துகொண்டிருந்தது, இடையில் இருந்த நம்பர்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. உள்ளே டாக்டர் இல்லை, விவரம் எழுதிக்கொள்கிற பெண், பூங்கொடியை விடச் சின்னவள். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு, ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம் ஐயா, குடும்பம் முழுக்க ஒரு படமா போட்டுக்குவோம் என்றாள். கேட்கக் கேட்கச் சொன்னார். ஒரு கட்டம், அது அவர். கோடு இழுத்து ஒரு வட்டம், அது அஞ்சுகம். வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். "இந்தப் புள்ளி எதுக்கும்மா?" "அவங்களுக்கு நோய் இருக்காது ஐயா, ஆனா அவங்க மூலமா வரும்னு அர்த்தம்." வட்டமும் நடுவில் புள்ளியுமாக அஞ்சுகம் பொட்டு வைத்துக்கொண்டு தாளிலிருந்து பார்த்தாள். உங்க வூட்ல இருந்து வந்ததுதானே. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே இன்னொரு வட்டம், பூங்கொடி, புள்ளி வைக்காமல் ஒரு கேள்விக்குறி. அதன் பக்கத்தில் ஒரு கட்டம். அந்தப் பெண் பேனாவால் கட்டத்துக்குள் மை தீட்ட ஆரம்பித்தாள். ஓரத்திலிருந்து உள்ளே, மேலும் கீழுமாக, கவனமாக, ஒரு மூலை விடாமல். "ஏம்மா அதை மட்டும் கறுப்பாக்குற?" "நோய் இருந்தவங்களை இப்படித்தான் ஐயா காட்டணும்." அப்புறம் மேலிருந்து கீழே குறுக்காக ஒரு கோடு. அதற்கு அவர் அர்த்தம் கேட்கவில்லை. முழுக் கறுப்பு. பதினேழு வயதில் வண்டி சத்தத்தை நிமிஷம் தவறாமல் சொன்னது, பூங்கொடியைச் சிரிக்க வைத்தது, எல்லாவற்றின் மேலும் மை. "கொஞ்சம் வெள்ளை விடக் கூடாதாம்மா?" என்றார். அந்தப் பெண் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். "எல்லா எடத்துலயும் இதுதான் முறை ஐயா" என்றாள் மெதுவாக. பிறகு, படத்தில் யாருக்கும் எழுதாததை, அவர் கேட்காமலே, "அவர் பேர் என்ன?" என்று கேட்டுக் கட்டத்துக்குக் கீழே எழுதினாள். செங்குட்டுவன். சின்ன எழுத்து.

பல்லை அனுப்புவதற்கு உறையும் படிவமும் எடுத்துவர அவள் வெளியே போனாள். ஊக்கைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, ரப்பர் பேண்டை எடுத்து, மூடியைத் திறந்தார். முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் தைல வாசனை மூக்கில் ஏறியது. பூங்கொடி குனிந்து பார்த்தாள். "இது அந்தப் பல்லாப்பா? சாணி உருண்டைல வெச்சு வீசினானே, அதா?" தலையாட்டினார். "அது மேல போகலம்மா. நான்தான் போயிடுச்சுன்னு அவனை..." என்றார். "தெரியும்" என்றாள். "இன்னா தெரியும்?" "போகலன்னு தெரியும். அவனுக்கும் தெரியும்." அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள், "சுவத்துல பாதிச் சாணி அப்பிக்கினு நின்னுச்சேப்பா, நீங்க பாக்கவே இல்லையா? பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற வரைக்கும் இருந்துச்சு. அவன் தெனம் அதுக்கு நேராதான் உக்காந்திருப்பான். தோ பாருப்பா சாணி, மேல போகலன்னு நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். என் ஜடையைப் புடிச்சி இழுத்துட்டான். சொன்னேன்னா கொன்னுடுவேன், அப்பா எவ்ளோ கஷ்டப்பட்டுப் பொய் சொல்லிக்கினு இருக்காரு, கெடுத்துடாதேன்னான்." சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு வயசுப்பா அவனுக்கு. நீங்க குனிஞ்சு எடுத்ததையும் பாத்தானாம். ஆனா வெச்சிருப்பீங்கன்னு அவனுக்குத் தெரியாது. போன்ல நீங்க சொன்னப்பதான் எனக்கும் தெரியும்." சுவரில் சாணி. ஆறு மாதம் அந்தச் சுவரைக் கடந்து வேலைக்குப் போய் வந்திருக்கிறார், செருப்பு விட்டது அந்தச் சுவரோரம், சைக்கிள் சாத்தியது அந்தச் சுவரில். வந்தவர்களிடமெல்லாம் ஒரே வீச்சு என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தானே, அது அவருக்காகச் சிரித்தது. அப்படியென்றால் அந்தத் தண்ணீர். குடு என்றானே. கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான், பதில் அங்கே இருந்தது, சுவரில் அப்பிய மாதிரி, பார்த்தான், பார்த்துவிட்டு, பாவம் அப்பா என்று டம்ளரை வாங்கிக் குடித்தான். தூக்கிச் சுமந்தது தான் என்று நினைத்திருந்தார் இத்தனை நாளும். வந்திருக்க மாட்டேடா. அதுதான் பதில். நானும் உங்கம்மாவும் பயந்துபோய் வேணாம்னு சொல்லியிருப்போம், யாரை வேணாம்னு சொன்னோம்னு தெரியாமலே மீதி நாளைக் கழிச்சிருப்போம். இதைச் சொல்லியிருந்தாலும் அவன் தாங்கியிருப்பான். தாங்க மாட்டார் என்று அவன் நினைத்தது அப்பாவை.

அந்தப் பெண் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியும் உறையும் கொண்டுவந்தாள், பின்னால் நீலச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர். "பழைய பல்லு ஐயா. தெரியலாம், தெரியாமலும் போகலாம். மிச்சம் திரும்ப வராது. கட்டாயம் ஒண்ணும் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். பூங்கொடி அவர் முழங்கையில் கை வைத்தாள். "வேணாம்னா வேணாம்பா. மூடிடுங்க. போயிடலாம்." உண்மையாகத்தான் சொன்னாள், இந்தப் பெண்ணுக்கு அது ஒன்று, பொய் சொல்ல வராது. நாளைக்கு இவள் மடியில் ஒருவன் உட்கார்ந்து, ஏம்மா, தெரிஞ்சிருந்தா நான் வந்திருப்பேனா என்று கேட்டால் இவள் என்ன செய்வாள். தண்ணீர் கொடுக்க மாட்டாள். சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு அஞ்சுகம் மாதிரி வாயில் தலைப்பைக் கடித்துக்கொண்டு குளிப்பாட்டுவாள், இடுப்பு போகிற வரைக்கும். அவர் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் அப்பா என்று எழுதினார். ஊழியர் கையுறை மாட்டி இடுக்கியால் பல்லை எடுத்துப் புட்டியில் போட்டார், டிங் என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. லேப் எங்கப்பா இருக்குது என்று கேட்டார் தணிகாசலம். "மேல பெரியவரே. கடைசி மாடி. அதுக்கு மேல மொட்டை மாடிதான்." அவர் பின்னாலேயே வராந்தா வரை போனார். சக்கர நாற்காலிக் குழந்தை, தாத்தா, ஊசி போட்டாங்களா என்று கேட்டது. இல்லம்மா என்று தலையை ஆட்டினார். லிஃப்ட் கதவு மூடியது. கதவுக்கு மேல் சிவப்பு எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு. ஐந்து. ஆறில் நின்றது. போயிடுச்சுடா, மேல போயிடுச்சு என்று அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்கு அது பொய்யும் இல்லை. நம்புகிற மாதிரி நடிக்கத்தான் இந்தத் தடவை கீழே யாரும் இல்லை.